யமெல்வத் வாங்க மறுத்த கம்பளி

முதல் சால்மன் வலையில் விழுந்த நாளில் யமெல்வத் புருஷன் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். வேறு நாள் கிடைக்காமல் இல்லை. அந்த ஒரு நாளில்தான் ஊர் மொத்தமும் கரையில் நிற்கும். வேட்டைக்குப் போனவன், மலைப்பக்கம் கிழங்கு தோண்டப் போனவள், எல்லாரும் திரும்பி வந்திருப்பார்கள். பிள்ளைகள் முதல் மீனைப் பெரணித் தழையில் ஏந்தி வந்தார்கள். சுட்டு, ஆளுக்கொரு வாய் தின்று, ஒரு முள் குறையாமல் கடலுக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. எல்லாரும் கை கழுவி நிமிர்ந்தபோது, அவள் சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீளவீட்டிலிருந்து வெளியே வந்தாள். தம்பி சல்தன் தோணியைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த வீட்டுக்குத் தலைவன் சியாகினம், அவள் புருஷனுக்கு அண்ணன். புருஷன் கலேமுக் போன இலையுதிர் காலத்தில் தட்டைமீன் பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. செத்தவனின் மனைவியை அண்ணனோ தம்பியோ சேர்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு ஊருக்கும் இடையில் போட்ட முடிச்சு அவிழாமல் இருக்க வேண்டும் அல்லவா. சியாகினமும் முதலில் அத்தைமாரை விட்டுக் கேட்டான், பிறகு தானே கேட்டான். யமெல்வத் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "நான் வந்தது உங்க தம்பிக்கு. உங்க வீட்டுத் தூணுக்கு இல்ல."

இப்போது அவன் ஈரக் கையை உதறிக்கொண்டு தோணிக்கு எதிரே வந்து நின்றான்.

"போறவளை யாரும் கட்டிப் போடலை. தாராளமாப் போ. ஆனா நாய் இங்கதான் இருக்கும்."

"நாய் என்னோடது, பெரியத்தான். எங்கம்மா கொடுத்து அனுப்பினது."

"உங்கம்மா கொடுத்தது ஒரு கூடைக் குட்டி. இப்ப தீவு நெறைய நிக்குதே, அதெல்லாம் எதைத் தின்னு வளர்ந்துச்சு? காத்தைத் தின்னா? இந்த வீட்டு மீனைத் தின்னுதான?"

"மீனைப் பிடிச்சது உங்க தம்பி. வேக வெச்சது நான். மழையோ பனியோ, தோணி வலிச்சுக் கொண்டுபோய்ப் போட்டது நான். நீங்க என்ன பண்ணீங்க? கரையில நின்னு குரைச்சீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்து, சிரித்ததை இருமலாக்கிக்கொண்டார்கள். சியாகினம் சிரிக்கவில்லை. அவன் கண் காட்டியதும் வீட்டு ஆண்கள் சிலர் தங்கள் தோணிகளை இறக்கித் தீவுக்குப் போகும் வழியை மறித்து நின்றார்கள். சல்தன் கூட வந்தது இரண்டே பேர்.

"அக்கா, ஏறு," என்றான் சல்தன் பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னைக்கு ரத்தம் விழுந்தா மீன் திரும்பிப் போயிடும். ஊரே நம்மளைத் திட்டும்."

அவள் ஏறினாள். உட்காரவில்லை, நடுவில் நின்றுகொண்டே வந்தாள். தோணி தீவைக் கடந்தபோது வெள்ளை வெள்ளையாய் நாய்கள் பாறை விளிம்புக்கு ஓடி வந்து வாலை முதுகில் சுருட்டி ஆட்டின. சாப்பாட்டு நேரம் என்று நினைத்துக்கொண்டன. அவள் கையில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவள் திரும்பி, கரையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி கத்தினாள்: "அந்த முடியில ஒரு இழை எந்தச் சபைக்குப் போனாலும் நான் வந்து கேப்பேன்! எல்லாரும் கேட்டுக்கோங்க!"

நாயைவிட்டு வந்த வருத்தம் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேட்டைநாய் ஆண்களுடையது. மெலிந்த காலும் ஒட்டிய முடியுமாக வீட்டு வாசலிலேயே கிடக்கும், மானைத் துரத்தும், எலும்பைத் திருடும். வெள்ளை நாய் பெண்ணுடையது. குட்டையாக, நரி முகமாக, உடம்பு தெரியாத அளவுக்கு முடியோடு இருக்கும். கோடை பிறந்ததும் தீட்டிய சிப்பியால் மழித்து, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் பாய் மாதிரி மொத்தமும் எழும்பி வரும். வெள்ளை மண்ணைப் போட்டு அடித்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, மலையாட்டு முடியோடு கலந்து தக்களியில் நூற்றால் கம்பளி. கம்பளி இல்லாமல் எங்களில் கல்யாணம் இல்லை, பெயர் வைப்பு இல்லை, செத்தவனுக்குப் போர்வை இல்லை. அதனால்தான் பெண்கள் வெள்ளை நாய்களை மரமில்லாத சின்னத் தீவுகளில் தனியே வைத்து, தினமும் தோணி வலித்துப் போய்த் தீனி வைக்கிறார்கள். வேட்டைநாய் ஒருமுறை உள்ளே புகுந்தால் போதும், அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு மழிக்க முடி இருக்காது. யமெல்வத்துக்கு இருந்த சொத்து அந்த நாய்கள்தான். வேறு எதுவும் அவள் பெயரில் இல்லை. கிளம்பிய அன்று தறியில் பாதி நெய்த கம்பளி ஒன்று கிடந்தது. அதையும் விட்டுவிட்டு வந்தாள்.

பிறந்த வீட்டில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய எரிச்சல். தம்பி மனைவி தியாலத் நல்ல பெண், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"அண்ணி, என் மந்தையில புதுசா ஈன்ற குட்டி இருக்கு. ரெண்டு எடுத்துக்கோங்க. மறுபடி ஆரம்பிச்சா ஆச்சு."

"எனக்குக் குட்டி வேணாம்."

"பின்ன?"

"என் நாய் வேணும்."

"நாய்க்கு என்ன, எல்லாம் நாய்தான்."

"ஆமா. புருஷன்கூட எல்லாம் புருஷன்தான். உன்னோடதைக் கொடு, ஒரு மாசம் வெச்சுக்கிட்டுத் தர்றேன்."

"கூட்டிட்டுப் போங்க," என்றாள் தியாலத். "குறட்டை நின்னாத் திருப்பிக் கொடுங்க. நிக்காட்டி வெச்சுக்கோங்க."

சல்தன் வலை முடைவதை நிறுத்தாமல், "நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றான்.

கோடை முழுக்க அவள் மற்றவர்களின் முடியை நூற்றாள். அடுத்தவள் நாயின் முடி விரலில் ஓடும்போதெல்லாம் முகம் சுளிப்பாள். இலை பழுக்கும் நேரத்தில் மட்டிச்சிப்பி விற்க வந்த ஒருத்தி செய்தி கொண்டுவந்தாள்: சியாகினத்தின் மனைவி இயாதினத், நாய்களைத் தீவிலிருந்து ஊருக்கே கொண்டுவந்துவிட்டாளாம். அவளுக்குத் தோள்வலி. தினமும் துடுப்பு வலிக்க முடியவில்லையாம். வீட்டுக்குப் பின்னால் பட்டி கட்டி அடைத்திருக்கிறார்கள்.

"வீட்டுக்குப் பின்னாலயா?" யமெல்வத் எழுந்துவிட்டாள். "வேட்டைநாய் கட்டுற இடத்துலயா?"

"நடுவுல பலகை வெச்சிருக்காங்க."

"எவ்வளவு உயரம்?"

மட்டிக்காரி தன் இடுப்பைக் காட்டினாள். யமெல்வத் கையிலிருந்த தக்களியைச் சுவரில் வீசினாள். "இடுப்பு உயரமா! பனி விழறதுக்குள்ள எல்லாம் தாண்டிடும். அடுத்த ஈத்துல எல்லாம் மான்குட்டி மாதிரி பிறக்கும். எங்கம்மாவோட அம்மா காலத்துலேர்ந்து கலப்பில்லாம வந்த நாய். ஒரு தோள்வலியில முடிச்சுட்டாளே!"

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் குறைந்தது. நாய்களைத் திரும்பப் பெறுவதென்றால் இந்தக் குளிருக்குள் பெற வேண்டும். அடுத்த வருஷம் நியாயம் கிடைத்தாலும் மழிக்க ஒன்றும் இருக்காது.

குளிர் இறங்கியதும் அழைப்பு வந்தது. சியாகினம் தன் பாட்டன் பெயரை ஏற்கப் போகிறான், பெருங்கொடை கொடுக்கிறான். பெயர் ஏற்பவன் ஊர்களையெல்லாம் கூட்டி விருந்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கம்பளி வாரிக் கொடுக்க வேண்டும். பெண் கொடுத்த வீடு என்பதால் சல்தனை அழைக்காமல் இருக்க முடியாது. அழைக்காவிட்டால் பெயர் பாதிதான் ஒட்டும். அழைத்தால் முதல் கம்பளியும் பெண் கொடுத்த வீட்டுக்குத்தான், அதுவும் குவியலில் இருப்பதிலேயே நல்ல கம்பளி.

தோணியில் போகும்போது சல்தன் அக்காவிடம் கெஞ்சினான். "உன்னைக் கூட்டிட்டுப் போறேன். ஆனா அங்க வாயைத் திறக்கக் கூடாது."

"சாப்பிடக்கூடவா?"

"அதுக்குத் திற."

நீளவீடு நிறைந்திருந்தது. சுவரை ஒட்டிய மேடைகளில் வரிசை வரிசையாக விருந்தாளிகள், நடுவில் நெருப்புகள், புகை, சால்மன் முட்டை வாசனை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் வந்த பெரியவர்களைச் சாட்சியாக உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நடந்ததைப் பார்த்து, ஊர் திரும்பி, பார்த்தபடியே சொல்வது அவர்கள் வேலை. அவர்கள் சொன்னால்தான் பெயர் பெயராகும். சியாகினம் தன் வாயால் பேசவில்லை. பெயர் ஏற்பவன் பேசக் கூடாது. கூலிக்கு அமர்த்திய பேச்சுக்காரன் ஒருவன் நடுவில் நின்று, நல்ல கனத்த குரலில், பாட்டன் பெருமையையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "பெண் கொடுத்த வீட்டுக்கு முதல் கம்பளி!" என்று கூவினான்.

இரண்டு பேர் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு சல்தன் முன்னால் வந்தார்கள். வெள்ளையென்றால் அப்படி ஒரு வெள்ளை. சல்தன் கையை நீட்டினான். நீட்டிய கையை யமெல்வத் பிடித்துத் தாழ்த்தினாள்.

"அக்கா," என்றான் அவன், உதடு அசையாமல்.

அவள் கம்பளியின் கீழ்ப்பாதியைத் தடவினாள். பிறகு மேல்பாதியை. இயாதினத் இருக்கும் பக்கம் திரும்பினாள். இயாதினத் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ இருக்கறது என் கை," என்றாள் யமெல்வத், வீடு முழுக்கக் கேட்கும்படி. "மேல இருக்கறது எங்க ஓரகத்தி கை. நல்லா முடிச்சிருக்கீங்க அக்கா, தோள்வலியோட. ஆனா முடி என் நாயோடது. நான் கிளம்பறப்ப தறியில விட்டுட்டுப் போனது. என்னோடதை எனக்கே கொடையாக் கொடுக்க வந்திருக்கீங்க. இதை என் தம்பி வாங்க மாட்டான்."

கம்பளியைப் பிடித்திருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பக் கொண்டுபோகவும் முடியாது, கீழே போடவும் முடியாது. விரித்தபடியே நின்றார்கள். முதல் கம்பளியை வாங்கவில்லை என்றால் இரண்டாவது கம்பளி நகராது. இத்தனை காலம் சேர்த்த குவியல் முழுக்க அந்த ஒன்றுக்குப் பின்னால் காத்திருந்தது.

பேச்சுக்காரன் சமாளித்தான். "அந்த நாய் இந்த வீட்டு மீனைத் தின்ன நாய்!"

"நானும்தான் இந்த வீட்டு மீனைத் தின்னேன். அதுக்காக என்னையும் பட்டியில அடைப்பீங்களா? இங்க உக்காந்திருக்கிற எல்லாரும் காலையிலேர்ந்து இந்த வீட்டு மீனைத்தான் தின்னுட்டிருக்காங்க. யாரும் ஊருக்குத் திரும்ப முடியாதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

சிரிப்பு கிளம்பியது. வடக்குத் தீவுச் சாட்சிக்காரர் லெகேமன், பருத்த மனிதர், வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுக் கை தூக்கினார்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்கப்பா. நான் ஊருக்குப் போய் என்னன்னு சொல்லணும்? பேரு வெச்சாங்கன்னு சொல்லவா, கம்பளி அந்தரத்துல நின்னுச்சுன்னு சொல்லவா? நான் பார்த்ததைத்தான் சொல்ல முடியும். இப்ப நான் பார்க்கறது அந்தரத்துல நிக்கிற கம்பளி."

மற்ற சாட்சிகள் தலையை ஆட்டினார்கள். சியாகினத்தின் முகம் கறுத்தது. அவன் பேச்சுக்காரனை இழுத்துக் காதில் ஏதோ சொன்னான். பேச்சுக்காரன் நிமிர்ந்து, முன்னைவிட உரத்த குரலில் கூவினான்: "எங்கள் தலைவர் மனம் பெரிது! பெண் கொடுத்த வீட்டுக்கு இன்று கம்பளி மட்டுமல்ல, அந்த வெள்ளை நாய்கள் அத்தனையையும் கொடையாகக் கொடுக்கிறார்!"

வீடே ஆரவாரித்தது. சல்தனுக்கு மூச்சு வந்தது. "வாங்கிக்கோ," என்றான் அவள் காதில். "கேட்டது கிடைச்சாச்சு. வாங்கிக்கிட்டு உக்காரு."

"மாட்டேன்," என்றாள் யமெல்வத்.

"பைத்தியமா உனக்கு!"

"கொடையா வாங்கினா அது அவரோடதுன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு என் நாய் ஈனுற ஒவ்வொரு குட்டியும் அவர் கொடுத்ததா ஆயிடும். அவர் பேரைச் சொல்லிக்கிட்டே நான் முடி மழிக்கணும்." பிறகு சபையைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு யாரும் எதையும் கொடுக்க வேணாம். என் நாய் பட்டியில இருக்கு. நான் போய் எடுத்துக்கறேன். தடுக்கறவங்க தடுங்க."

சொல்லிவிட்டு நெருப்புகளுக்கு நடுவில் நடந்து வெளியே போனாள்.

கொடை நடக்கும் வீட்டில் கை ஓங்கினால் ஏற்கிற பெயரில் சேறு பட்டுவிடும். அது சியாகினத்துக்கும் தெரியும், வாசலில் நின்ற அவன் ஆட்களுக்கும் தெரியும். அவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். சாட்சிகள் பார்க்க வேண்டுமே என்று எழுந்து வாசலுக்கு வந்தார்கள். லெகேமன் மீன் துண்டைக் கையிலேயே கொண்டுவந்தார்.

வெளியே மழை. பட்டிக்குள் நாய்கள் சேறும் சடையுமாக நின்றன. கோடையில் மழித்ததோடு சரி, யாரும் சீவிவிடவில்லை. இரண்டு மூன்றுக்கு வயிறு கனத்திருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு வேட்டைநாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ரொம்பத் திருப்தியாகப் படுத்திருந்தது. யமெல்வத் அதைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், பட்டியின் கதவுப் பலகையைப் பிடுங்கி எறிந்தாள்.

கரைக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து பேச்சுக்காரன், கூலி வாங்கியவன் அல்லவா, விடாமல் கூவினான்: "கொடுத்தோம்! கொடுத்தோம்!"

"எடுத்தேன்!" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

"கொடுத்தோம்!"

"எடுத்தேன்!"

இப்படியே தண்ணீர் வரைக்கும். சல்தன் தலையில் கை வைத்துக்கொண்டு தோணியைப் பார்த்தான். உட்கார இடமில்லை, எல்லாம் ஈர நாய். ஒன்று அவன் மடியிலேயே ஏறி உடம்பை உதறியது. "கம்பளியாவது கிடைச்சிருந்தா போர்த்திக்கிட்டு வந்திருப்பேன்," என்றான்.

அந்தக் குளிரில் பிறந்த குட்டிகளில் பாதிக்கு ஒட்டிய முடி. அவள் அவற்றை வேட்டைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, தம்பி ஊருக்கு எதிரே யாரும் சீந்தாத ஒரு பாறைத் தீவைப் பிடித்துக்கொண்டாள். கோடை முழுக்க அங்கேயே பாய்க் குடிசை போட்டுக் கிடந்தாள். எந்தத் தாய்க்கு எந்தக் குட்டி என்று பார்த்துப் பார்த்து விலக்கி, சேர்த்து, பழைய முடி திரும்ப வருவதற்குள் அவள் தலைமுடியில் நரை வந்துவிட்டது.

ஆனால் சியாகினமும் விடவில்லை. பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது, கொஞ்சம் கோணலாக. எந்தக் கொடையிலும் அவன் பேச்சுக்காரன், "பெண் கொடுத்த வீட்டுக்கு நாய் மந்தையே கொடுத்தவர்," என்று ஆரம்பிப்பான். அதனால் யமெல்வத் எந்தக் கொடையையும் தவறவிடவில்லை. அழைப்பு இருக்கிறதோ இல்லையோ, வந்து உட்காருவாள். அந்த வரி வந்ததும் எழுந்து, "எடுத்தேன்," என்று சொல்லிவிட்டு உட்காருவாள். வருஷங்கள் போகப் போக, பேச்சுக்காரர்கள் அந்த இடத்தில் தாங்களே நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள், ஜனங்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

"எத்தனை நாளைக்குத்தான்?" என்று ஒருமுறை தியாலத் கேட்டாள். "நாயும் கிடைச்சாச்சு, முடியும் வந்தாச்சு. ஒரு சொல்லுக்காக இப்படி அலையறீங்களே."

"அவர் சொல்றதை நிறுத்தட்டும். நான் வீட்டுல இருக்கேன்."

இடையில் ஹெலசன் என்ற மட்டிக்காரன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தான். வழக்கப்படி பெண் அவன் ஊருக்குப் போக வேண்டும். "நான் எந்த ஊருக்கும் வர மாட்டேன். வேணும்னா நீ வா. மீன் வேக வைக்கத் தெரியுமா?" என்றாள். அவன் வந்தான். அவன் ஊரார் அவனை நாய்ப் புருஷன் என்று கேலி செய்தார்கள். அவன் நாய்களுக்கு மீன் வேக வைத்துக்கொண்டே, "நாய்ங்க என்னைத் திட்டறதில்லை. உங்க வீட்டுல எப்படி?" என்று கேட்பானாம்.

சியாகினம் கடைசி வரை அந்தச் சொல்லை மாற்றாமலே செத்தான். யமெல்வத் அவன் இறப்புக் கொடைக்கும் போனாள். அங்கே யாரும் அந்த வரியைச் சொல்லவில்லை. அவளும் எழவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அதற்கும் பல வருஷம் கழித்து, நீலப்பூக் கிழங்கு பூத்த ஒரு காலையில், அவள் தீவுக்கு ஒரு தோணி வந்தது. கரை ஏறாமல் தோணியிலேயே எழுந்து நின்றான் ஒரு செய்திக்காரன். சியாகினத்தின் ஊர்க்காரன். மழித்துக்கொண்டிருந்த நாயை விடாமல் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தனக்குச் சொல்லி அனுப்பியதை ஒரு சொல் மாறாமல் சொன்னான்:

"இயாதினத் பேசறேன். என் மக புருஷன் செத்துட்டான். அவ கிளம்பறா. போறவ போகட்டும், நாய் எங்க மீனைத் தின்ன நாய், அது இங்கதான் இருக்கும்னு அவ புருஷன் வீட்டுல சொல்றாங்க. நேத்து எங்க வீட்டு வாசல்ல எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு நான் ஒண்ணு சொன்னேன். யமெல்வத்துக்கு யாரும் நாய் கொடுக்கலை, அவ நாயை அவ எடுத்துக்கிட்டுப் போனாள்னு சொன்னேன். சாட்சி வெச்சுத்தான் சொன்னேன். மழைக்காலத்துல அந்த வீட்டுல கொடை இருக்கு. நாய் என் மகளோடதுன்னு நான் எழுந்து சொன்னா, பெத்தவ அழறாள்னு நினைச்சு மீனைத் தின்னுட்டிருப்பாங்க. நீ சொன்னா பயப்படுவாங்க. வா."